தலையணையோடு கடைக்குப் போன வாப்பா

சீனிக்கும் பிரஷருக்கும் குளிசை போடத் தொடங்கிய நாளிலிருந்து பள்ளித் தோழிகள் நாம் சந்தித்தால் கதைப்பதெல்லாம் மூச்சைப் பற்றித்தான். காலையில் கடற்கரையில் நடக்கப் போனால் உங்களில் ஒருத்தி மூக்கின் ஒரு பக்கத்தைப் பொத்திக்கொண்டு வருகிறாள். இன்னொருத்திக்குப் பேத்தி போனில் எதையோ போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது, கண்ணை மூடு என்று ஒரு குரல் சொல்கிறது. அவள் கண்ணை மூடியதும் குறட்டைதான் வருகிறது. நான் சிரித்ததற்குக் கோபித்துக்கொண்டீர்கள். தியானத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டீர்கள்.

தியானத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடை முதலாளி தியானம் பழகினால் என்ன நடக்கும் என்று தெரியும். அந்த முதலாளி என்னுடைய வாப்பா.

உங்களுக்கு அவரை நினைவிருக்கும். பெருநாளைக்குச் சட்டைத் துணி எடுக்க வந்து உங்களில் பாதிப் பேர் அவரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறீர்கள். சாரிகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, பார்த்துவிட்டுப் பிறகு வருகிறேன் என்று எழும்பும் பெண்களை அவர் சும்மா விட்டதே இல்லை. “பாத்துட்டுப் போறதெண்டா படக் கொட்டகைக்குப் போங்க” என்று தெருவுக்குக் கேட்கச் சொல்லுவார். அப்படியிருந்தும் கடை ஓடியது. துணி நல்ல துணி, அளவில் ஒரு விரல் குறையாது. ஏச்சு வாங்கிக்கொண்டு போனவர்களே மறுகிழமை திரும்பி வந்தார்கள்.

வீட்டுக்குள் அந்தக் குரலோடு இருந்தவர்கள் உம்மாவும் நானும்தான். நான் ஒற்றைப் பிள்ளை. அவருடைய செருப்புச் சத்தம் வாசல் படலையில் கேட்டதும் என் கை தானாகப் பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுக்கும். எந்தப் பக்கம் திறந்தது, புத்தகம் நேராக இருக்கிறதா என்றுகூடப் பார்க்கமாட்டேன். வெயில் ஏறி, கச்சான் காற்று நெருப்பாய் அடிக்கும் மாதங்களில் வாப்பாவின் கோபமும் ஏறும். நான் சொல்லவரும் கதை அப்படி ஒரு கச்சான் காலத்தில் நடந்தது. நாட்டில் சண்டை தொடங்காத காலம் அது.

ஒரு நாள் பகல் ஆணத்தில் உப்புக் கூடிவிட்டது. வாப்பா ஒரு வாய் வைத்தார். சோற்றுப் பீங்கான் உம்மாவின் காதுக்குப் பக்கத்தால் பறந்துபோய்ச் சுவரில் உடைந்தது. உம்மா அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கினா, சுவரைத் துடைத்தா, கையைக் கழுவினா. பிறகு வந்து வாப்பாவுக்கு முன்னால் நின்று ஆறுதலாகச் சொன்னா.

“இஞ்சருங்க. இனி ஒருக்கா இந்த ஊட்டுக்குள்ள சத்தம் போட்டாலோ எதையாச்சும் எறிஞ்சாலோ நான் உங்களோட ஒண்டும் கதைக்க மாட்டன். உங்கட தலகணியத் தூக்கிக் கையில தருவன். நீங்க உங்கட தங்கச்சி ஊட்டுக்குப் போங்க.”

உங்களுக்கு இதன் பாரம் தெரியும். பேரப்பிள்ளைகளில் யாராவது வாசிக்கலாம், அவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில்தான் இருப்பார். சண்டை முற்றினால் வெளியே போகிறவரும் அவரேதான். போகிறவர் பெட்டி படுக்கையெல்லாம் தூக்குவதில்லை. தன் தலையணையை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கோ தங்கை வீட்டுக்கோ நடப்பார். தெருவில் யாரும் அவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. பார்த்தாலே எல்லாம் விளங்கிவிடும்.

அதுவரை வாப்பா எப்போது கடைக்குப் போவார் என்று காத்திருந்த பிள்ளை நான். அன்று அவர் ஒரேயடியாகப் போய்விடுவாரோ என்று பயந்தேன். எனக்குச் சத்தம் வேண்டாம், வாப்பா வேண்டும். இரண்டையும் ஒன்றாக எப்படிக் கேட்பதென்று தெரியாமல் தொழுகைப் பாயில் உட்கார்ந்து துஆக் கேட்டேன்.

அந்தக் கிழமையே வாப்பாவுக்குத் தலை சுற்றியது. ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த தாதி, மிசி என்போம், தமிழாள், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. அடிக்கடி கடைக்கு வருகிறவ. அடுத்த நாள் பின்னேரம் துணி பார்க்க வந்து, சாரிகளைக் கலைத்துப் போட்டுக்கொண்டே வாப்பாவுக்குப் புத்தி சொன்னா. பள்ளிக்கூடம் விட்டு நானும் கடையில்தான் இருந்தேன்.

“இந்தக் கோபத்தோட இருந்தீங்கெண்டா குளிசையும் கேளாது முதலாளி. எங்கட கோயில்ல சின்னப் புள்ளைகளுக்கே சொல்லிக் குடுக்கிறது ஒண்டு இருக்கு. கோபம் வந்தா வரட்டும். பொழுது படுறதுக்குள்ள அத இறக்கி வச்சிரணும். கோபத்தையும் கூட்டிக்கொண்டு பாயில படுக்கக் கூடாது.”

“சொல்லுறது லேசு மிசி.”

“உங்கட சட்டப் பையில தஸ்பீஹ் இருக்குத்தானே. நானும் செபமாலை உருட்டுறவள்தான். நீங்க உருட்டுறதப் பாத்தா துணி அளக்கிற மாதிரி இருக்கு. ஒரு மணிக்கு ஒரு மூச்சு விடுங்க. அவசரப்பட்டு ஆண்டவர எங்க துரத்துறீங்க?”

இதைச் சொல்லிவிட்டு, இன்றைக்கு ஒன்றும் வேண்டாம், பிறகு வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டா. மேசை நிறையச் சாரி. வாப்பாவின் முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் மிசியிடம் கத்த முடியாது, ஊசி போடுகிறவ. வாயை இறுக்கிக்கொண்டு நின்றார்.

கடை மாடியில் ஒரு அறை இருந்தது. அதை வாடகைக்கு எடுத்திருந்தவர் பேங்கில் வேலை செய்பவர், மாத்தயா, அதாவது ஐயா, என்று கூப்பிடுவோம். தெற்கிலிருந்து வேலைக்கு வந்த சிங்கள இளந்தாரி. எங்கள் வீட்டு மீன் ஆணம் என்றால் உயிர். அவர் படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதலாளி, இப்ப உள்ளுக்கு என்ன நடக்குது?” என்று கேட்டார்.

“அடுப்பு எரியிது.”

“எங்க எரியுது?”

வாப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய வாழ்நாளில் அப்படி ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். “நெஞ்சில” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இப்ப கழுத்துக்கு ஏறுது” என்றார்.

“நல்லது. அதப் பாத்துக்கொண்டு இருங்க. தண்ணி ஊத்த வேணாம். விறகும் போட வேணாம்.”

வாப்பா அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் ஒரு முழு பட்டர் பணிஸ் சாப்பிட்டு முடித்தேன். “குறையிதுதான்” என்று அதிசயமாகச் சொல்லிவிட்டுச் சாரிகளை மடிக்கத் தொடங்கினார்.

அப்படித்தான் தொடங்கியது. மாத்தயா தன் ஊரில் பௌர்ணமிப் போயா நாட்களில் தாயோடு வெள்ளை உடுத்துப் பன்சலை என்கிற பௌத்த விகாரைக்குப் போய்ச் சின்ன வயதிலேயே இதைப் பழகியவர். பெரிய உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. பகல் பேங்கில் சாப்பாட்டுக்கு விடும் நேரம் அவர் மேலே வந்து கொஞ்சம் கண்ணை மூடி இருப்பாராம், முதலாளியும் விரும்பினால் வரலாமாம். வாப்பா பகல் ளுஹர் தொழுகையைத் தொழுதுவிட்டு நேரே மாடிக்கு ஏறினார். வீட்டுக்குச் சாப்பிட வருவது நின்றது. கடையில் வேலை கூட, சாப்பாட்டைக் கொடுத்து அனுப்பு என்று உம்மாவிடம் சொன்னார். இரண்டு பேருக்கும் உரிய சோற்றுக் கெரியரைத் தூக்கிக்கொண்டு போனவள் நான்.

முதல் நாள் மேலே ஏறியபோது இரண்டு ஆண்கள் நிலத்தில் சம்மணம் கட்டி, கண்ணை மூடி இருந்தார்கள். மாத்தயா அசையவில்லை. வாப்பா ஒரு காலை நீட்டுகிறார், மடக்குகிறார், ஒரு கண்ணைத் திறந்து கெரியரைப் பார்க்கிறார். கீழே தெருவில் மீன்காரர் ஒருவர் சூடை மீனைக் கூவி விற்றுக்கொண்டு போனார். வாப்பா எழும்பி யன்னலால் தலையைப் போட்டு, “டேய், இஞ்ச ஒரு மனுசன் அமைதியா இரிக்கிறது உனக்குத் தெரியல்லியா” என்று கடைத்தெரு அதிரக் கத்தினார். திரும்பி வந்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

மாத்தயா கண்ணைத் திறக்காமலே கேட்டார். “முதலாளி, கோபம் வந்தது தெரிஞ்சதா?”

“நல்லாத் தெரிஞ்சிச்சு.”

“எப்ப தெரிஞ்சது?”

வாப்பா யோசித்தார். “ஏசி முடிஞ்ச மறுகாதான்.”

“நல்லது. இன்னும் கொஞ்ச நாளில ஏசும்போதே தெரியும். அதுக்குப் பிறகு ஏச முந்தித் தெரியும். அது போதும்.”

சாப்பிட்டுவிட்டு வாப்பா என்னைப் படியடியில் நிறுத்தினார். “உம்மாட்டச் சொல்லிராத மகள். பொண்டாட்டிக்குப் பயந்து ஒருத்தன் மூச்சுப் பழகுறான் எண்டு ஊருக்குத் தெரிஞ்சா நான் கடையத் திறக்கேலா.” கன்னத்தைக் கிள்ளினார். வாப்பாவும் நானும் சேர்ந்து ஒரு இரகசியம் வைத்திருப்பது அதுதான் முதல் தடவை. சந்தோசத்தில் நான் படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கினேன்.

அந்த அறையின் சீமெந்துத் தரைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. வாப்பா கனத்த ஆள், கணுக்கால் வலித்தது. மாத்தயா போர்வையை மடித்து அதன்மேல் இருப்பதை அவர் கவனித்திருக்கிறார். மறுநாள் காலை உம்மா கிணற்றடியில் நிற்கும்போது அலுமாரியைத் திறந்து கைக்கு வந்த தலையணையை எடுத்தார். கலியாணத்துக்கென்று உம்மா பச்சை நூலில் கிளி தைத்த தலையணை அது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். கடைக்குப் போகும் வழியும் அவருடைய தங்கை, என் மாமி, வீட்டுக்குப் போகும் வழியும் ஒன்றுதான். வாழைப்பழக் கடை, சந்தை, பள்ளிவாசல், எல்லாவற்றையும் கடந்து, சந்தித்தவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லிக்கொண்டு போனார். அவர் மனசு முழுக்க மூச்சு. ஊர் என்ன நினைக்கும் என்று அந்த மனுசனுக்கு ஓடவே இல்லை.

ளுஹருக்குள் கதை கடற்கரை வரை போய்விட்டது. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். “ஒண்டுக்கும் யோசிக்காத கா. அல்லாஹ் இரிக்கான்” என்று உம்மாவின் கையைப் பிடித்தார்கள். எதற்குக் கவலைப்பட வேண்டும் என்று உம்மாவுக்கு விளங்கவில்லை. ஒருத்தி தலையணையைப் பற்றிச் சொன்னபோதுதான் உம்மா அலுமாரியைத் திறந்து பார்த்தா. மூடிவிட்டு, வந்தவர்களுக்கு முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தா. அந்தக் கிழமை முழுக்க அனுதாபம் சாப்பாடாக வந்தது. வட்டிலப்பம், தொதல், இறைச்சி ஆணம். நான் நன்றாகச் சாப்பிட்டேன். மாமி வீட்டில் தன் காக்காவுக்கு, அண்ணனுக்கென்று, ஒரு அறையைக் கூட்டிக் கழுவி வைத்துவிட்டு, அவர் ஏன் இன்னும் வரவில்லை என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாவாம்.

இரவில் வாப்பா வழக்கம்போல் வீட்டுக்குத்தான் வந்தார். ஆனால் சத்தம் இல்லை. சோறு குழைந்திருந்தாலும் பேசாமல் சாப்பிட்டார். உம்மா ஏதாவது கேட்டால் உடனே பதில் சொல்லாமல் ஒரு மூச்சு விட்டுப் பிறகு, “ஓம்” என்றார். அவர் பாடுபட்டுப் பழகியதெல்லாம் உம்மாவின் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. மனசு விட்டுப்போன ஆம்பிளைதான் ஏசவும் மாட்டான் என்று உம்மா முடிவு கட்டிவிட்டா. முதலில் தலையணை போயிருக்கிறது, பிறகு சாரன் போகும், கடைசியாக ஆள் போவார். அவரிடம் கேட்கவும் இல்லை. கேட்பதற்கு அவவின் ரோசம் விடவில்லை. சொல்வதற்கு வாப்பாவின் ரோசம் விடவில்லை.

என்னிடம்தான் கேட்டா. “பகலைக்கு வாப்பா கடையில என்னகா செய்யிறாரு?”

வாக்குக் கொடுத்திருந்தேன். பொய்யும் சொல்லப் பயம். “ஒண்டும் செய்யல்ல உம்மா. மாத்தயாவும் ஒண்டும் செய்யல்ல. ரெண்டு பேரும் சும்மா இரிக்காங்க.”

உம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா. அன்று முதல் தடவையாக அங்கே விசும்புகிற சத்தம் கேட்டது. மூச்சுப் பழகுகிற கதையை ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று துடித்தேன். சொன்னால் கடை மூடப்படும் என்று நம்பியதால் வாயைப் பொத்திக்கொண்டு நானும் அழுதேன்.

உம்மாவின் காக்கா, என் மாமா, ஆட்களைக் கூட்டினார். வெள்ளிக்கிழமை, கடை பூட்டி வாப்பா வீட்டில் நிற்கும் பகல், ஜும்ஆ முடிந்து மூன்று பேர் வந்தார்கள். மாமா, எங்கள் தாய்வழிக் குடிக்காகப் பள்ளிவாசலில் பேசுகிற மரைக்கார், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிற லெப்பை. குடும்பம் பிரியப்போகிறதா என்று விசாரிக்க வந்தவர்கள் முதலில் சாப்பிட்டார்கள். வாப்பாவே பரிமாறினார். விருந்துக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உம்மாவும் நானும் உள் வாசல் சீலைக்குப் பின்னால் நின்றோம்.

மாமா விரலைச் சூப்பி முடித்துவிட்டுத் தொடங்கினார். “மச்சான், ஊருல என்ன கதைக்காங்க தெரியுமா? பகலைக்குச் சிங்களவரோட கண்ண மூடிக்கிட்டுக் குந்தியிரிக்கிறீங்களாம். அந்தக் கோயில்கார மிசி வந்து புத்தி சொல்லிட்டுப் போறாவாம். நீங்க மார்க்கத்திலதான் இரிக்கீங்களா எண்டு கேக்காங்க. அது அல்லாஹ்வுக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு. எங்கட தங்கச்சிய உட்டுப் போறதெண்டா ஆம்புளையா முகத்தப் பாத்துச் சொல்லிட்டுப் போங்க. கள்ளன் மாதிரித் தலகணிய எடுத்துக்கிட்டுப் போறதென்ன?”

வாப்பா எழும்பி நின்றார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்து என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். மரைக்கார் தன் பீங்கானைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். உம்மா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது. அவர் கத்தினால் தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டி வரும், தலையணையைத் தானே எடுத்துக் கொடுக்கவேண்டி வரும்.

வாப்பா கத்தவில்லை. கதிரையில் உட்கார்ந்தார். பிறகு பின்னால் சாய்ந்தார். கண்ணை மூடவில்லை, மாமாவைப் பார்த்தபடியே மூச்சு விட்டார். உதடு மட்டும் அசைந்தது. எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய மௌனம் அதற்கு முன் இருந்ததில்லை. உம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. சீலைக்குப் பின்னால் நின்றே, நாலு பேர் கேட்க, “இஞ்சருங்க, ஏசுங்களேன்” என்றா. குரல் உடைந்து போயிருந்தது. “ஒருக்கா ஏசுங்களேன். நான் ஒண்டும் சொல்ல மாட்டன்.”

வாப்பா திடுக்கிட்டுச் சீலைப் பக்கம் திரும்பினார். “ஏசுறதா? அத நிப்பாட்டத்தானே புள்ள நான் இந்தக் காலோட தினமும் மாடிப்படி ஏறுறன்” என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் வெளியே வந்தது. தரை, கணுக்கால், தலையணை, மூச்சு, மிசி சொன்ன பொழுது, எல்லாம். லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு, “கோபம் வந்தா, நிக்கிறவன் இரிக்கணும், இரிக்கிறவன் சாயணும் எண்டு நம்மட மார்க்கத்திலயும் இரிக்கிதானே. அங்க இங்க போய்ப் படிக்கணுமா?” என்றார்.

“அதத்தான் லெப்ப இப்ப உங்களுக்கு முன்னால செஞ்சன். ஓதப் போன வயசில இருந்து எனக்கு அது தெரியும். சாஞ்ச மறுகா, உள்ளுக்குக் கிடக்கிறத என்ன செய்யிற எண்டுதான் ஒருத்தரும் சொல்லித் தரல்ல. அந்தத் தம்பி அதப் பாத்துக்கிட்டு இரிக்கச் சொல்லித் தந்தாரு. அந்த மிசி அத இறக்கி வைக்கச் சொன்னா. இப்பதான் நான் தொழுகையில நிக்கிறதும் ஒழுங்கா இரிக்கி.”

லெப்பை பீங்கானைத் தள்ளி வைத்துவிட்டு முன்னால் குனிந்தார். பிறகு, “அப்ப இப்ப அது எங்க நிக்கிது?” என்று கேட்டார்.

“கழுத்தடியில. மச்சான்ட பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிது.”

முதலில் சிரித்தவர் மரைக்கார். மாமாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார். பள்ளிவாசலில் இனி இந்தப் பேச்சை எடுக்கத் தேவையில்லை என்று மரைக்கார் தீர்ப்புச் சொல்லிவிட்டு, வட்டிலப்பம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அசர் பாங்கு சொல்ல மூவரும் எழும்பிப் போனார்கள்.

வாப்பா தொழுதுவிட்டு வந்தார். உம்மா அடுப்படி வாசலில் பலகை போட்டு இருந்தா. நான் பக்கத்தில் இருந்தேன். எல்லாம் நல்லபடி முடிந்த முகத்தோடு வாப்பா வந்து எதிரே நிலத்தில் இருந்தார்.

“இப்ப எல்லாம் சரிதானே புள்ள?”

“உங்களுக்குச் சரி” என்றா உம்மா. “உங்கட கோபத்துக்கு மாத்தயா இரிக்காரு, மிசி இரிக்கா, லெப்ப வாறாரு, மரைக்கார் வாறாரு. ஊரே வந்து திண்டுட்டுப் போகுது. என்ட கோபத்துக்கு யாரு இரிக்கா?”

அன்று வந்த பெரியவர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மாத்தயாவுக்கும் தோன்றவில்லை, மிசிக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கே உம்மாவுக்கும் ஒரு கோபம் இருக்கும் என்று அதுவரை தெரியாது. வாப்பா பலகைக்குக் கிட்ட நகர்ந்து சம்மணம் கட்டினார்.

“நான் இரிக்கன்” என்றார். “ஏசு.”

உம்மா ஏசத் தொடங்கினா. உடைந்த பீங்கானில் தொடங்கி, நான் பிறந்த நாள் ஆஸ்பத்திரியில் தேத்தண்ணி ஆறிப்போனதென்று அவர் கத்தியதற்குப் போய், தன் தாய் மௌத்தாகிக் கிடந்த வீட்டில் நாலு பேருக்கு முன்னால் அவமானப்படுத்தியதற்குப் போய், எனக்குத் தெரியாத வருசங்களுக்கெல்லாம் போனா. ஒரு இடத்தில் அழுதா. ஒரு இடத்தில் குரல் அவ்வளவு உயர்ந்ததில் வேலிக்கு அப்பால் கோழி கூட்டுக்குள் ஓடியது. வாப்பா ஒரு சொல் குறுக்கே பேசவில்லை. “அது அப்படியில்ல” என்றுகூடச் சொல்லவில்லை. நெஞ்சு ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. இரண்டு தடவை சாரன் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

பொழுது பட்டு மஃரிபு பாங்கு கேட்டது. உம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு பேச்சை நிறுத்தினா. பாங்கு முடிந்ததும், “இன்னும் இரிக்கி” என்றா.

வாப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். “தொழுதுட்டு வாறன்” என்றார். “விட்ட இடத்த மறந்திராத.”

அவர் படலையைத் தாண்டிப் போனார். தொழுகை முடிந்து ஆண்கள் கதைத்துச் சிரித்துக்கொண்டு தெருவால் போகும் சத்தம் கேட்டது. வழக்கமாக வாப்பாவும் சந்தியில் நின்று கதைத்துவிட்டு இரவு இஷா தொழுகைக்குப் பிறகுதான் வருவார். உம்மா தொழுத பாயிலேயே இருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தா. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்கு முன்னால் ஒருவர் தனியாக, கணுக்கால் வலிக்க வலிக்க, வேகமாக வந்தார். செருப்பைக் கழற்றினார். அடுப்படி வாசலுக்கு வந்து, அதே இடத்தில், வெறும் நிலத்தில் இருந்தார்.

“ஓம்” என்றார். “சொல்லு.”